அறிவியல் அரங்கு: சுழலும் கம்பமும் சுற்றும் கேபிளும்

டென்மார்க்கில் வாழும் எம்மவர்க்குக் காற்றாலை புதிய காட்சியன்று. காற்று வீசும் திசைக்கேற்ப அதன் தலைப்பகுதி மெல்லத் திரும்புவதை வாசகர்கள் அவதானித்திருப்பீர்கள். 1957 இல் கெட்சரில் யொகானஸ் யூல் அமைத்த 200 கிலோவாற் காற்றாலையே மின்மோட்டரின் உதவியால் காற்றை நோக்கித் திரும்பியது. தலையில் பிறக்கும் மின்சாரமோ கேபிள் வழியாகக் கோபுரத்தினுள்ளே கீழிறங்க வேண்டும். தலை ஒரே பக்கமாகத் திரும்பிக்கொண்டேயிருந்தால் கேபிள் முறுக்கேறி அறுந்துவிடாதா? இதற்கெனவே இன்றைய காற்றாலைகளில் முறுக்கைக் கணக்கிடும் கருவி உண்டு. முறுக்கு எல்லை கடந்தால் ஆலை நின்று, தலையை எதிர்ப்புறமாகத் திருப்பி, முறுக்கை அவிழ்த்த பின்னரே மீண்டும் இயங்கும்.

இதே சிக்கல் சிறிய அளவில் அமெச்சூர் வானொலியாளரின் கூரையிலும் உண்டு. இந்நாட்டில் அவர்களுடைய சங்கம் 1927 இல் தொடங்கப்பட்டது. 'ஓ இசெட்' என்று ஆரம்பிக்கும் அழைப்புக்குறிகளோடு அவர்கள் உலகெங்கும் பேசுகின்றனர். தொலைதூரத் தொடர்புக்கு, ஒரே திசையில் அலைகளைக் குவிக்கும் அன்ரனா வேண்டும். வெவ்வேறு நாடுகளுக்கு அதைத் திருப்ப மோட்டரும் வேண்டும். கொப்பன்கேகனிலிருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ 7,700 கிலோமீற்றர். திசை, வடக்கிலிருந்து வலஞ்சுழியாக 104 பாகை, அதாவது கிழக்கிலிருந்து சற்றே தெற்காக. ரோக்கியோ 41 பாகையிலும் நியூயோர்க் 294 பாகையிலும் உள்ளன.

மோட்டர் முடிவின்றிச் சுற்றுவதில்லை. பொதுவாக ஒரு முழுச்சுற்று, சிலவற்றில் ஒன்றேகால் சுற்று. பின்னர் தடுப்பில் நின்றுவிடும். தடுப்பு வடக்கில் இருந்தால், ரோக்கியோவிலிருந்து நியூயோர்க்கிற்குத் திரும்ப 107 பாகை போதாது. தெற்கு வழியாக 253 பாகை சுற்றியே செல்ல வேண்டும். இது நேர விரயம்போலத் தோன்றினும், கேபிளைக் காப்பது இத்தடுப்பே.

அன்ரனாவோடு சுழலும் கம்பத்திலிருந்து, அசையாத கோபுரத்துக்குக் கேபிள் தாவும் இடமே ஆபத்தான இடம். அங்கு கேபிளை இழுத்துக் கட்டலாகாது. கம்பத்தைச் சுற்றிச் சுருள்வில் போலத் தளர்வாக விடுவதே நல்ல முறை. எத்தனை சுற்று? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பரவலாகப் பாவிக்கப்படும் ஆர்ஜி 213 கேபிளின் தடிப்பு 10.3 மில்லிமீற்றர். அடிக்கடி வளையும் கேபிளுக்கு வளைவின் ஆரை தடிப்பின் பத்து மடங்குக்குக் குறையாதிருப்பது நல்லது. எனவே சுருளின் விட்டம் 20 சென்ரிமீற்றருக்குக் கீழே போகக்கூடாது. 40 சென்ரிமீற்றர் விட்டத்தில் ஒரே சுற்று விட்டிருந்தால், கம்பம் ஒரு முறை இறுக்கிச் சுற்றியதும் அது 20 சென்ரிமீற்றர் விட்டமுள்ள இரு சுற்றுகளாகிவிடும். அதுவே எல்லை. மூன்று சுற்று விட்டிருந்தாலோ, 30 சென்ரிமீற்றர் விட்டமுள்ள நான்கு சுற்றுகளாகும், கேபிளுக்கு நோகாது.

இதைவிட முக்கியமானது, மோட்டரைப் பயணத்தின் நடுவில் நிறுத்திய பின்பே கேபிளைக் கட்டுவது. தடுப்பு வடக்கில் என்றால் அன்ரனா தெற்கே பார்க்க வேண்டும். அப்போது முழுச்சுற்று மோட்டரில் இருபுறமும் அரைச்சுற்று மட்டுமே முறுக்கேறும். மூன்று சுற்றுச் சுருள் 34 சென்ரிமீற்றருக்குக் கீழே இறுகாது.

சுருளுக்கு மேலே கம்பத்திலும் கீழே கோபுரத்திலும் கேபிளை உறுதியாகக் கட்டவேண்டும். பாரம் இணைப்பியில் தொங்கக்கூடாது. ஆயினும் பிளாஸ்ரிக் கட்டுகளை நசுங்குமளவிற்கு இறுக்கலாகாது. உட்கம்பிக்கும் வெளிப்பின்னலுக்கும் இடையிலுள்ள தூரம் மாறினால் கேபிளின் 50 ஓம் இயல்பு கெடும். நுரைக் காவலியும் தனித்த தடித்த உட்கம்பியும் கொண்ட கேபிள்கள் இவ்விடத்துக்கு ஏற்றவையல்ல. பல இழை உட்கம்பியுள்ளதே நன்று. குளிர்காலத்தில் மேலுறை விறைப்பதால் சுருளுக்குச் சற்றுத் தாராளமாகவே நீளம் விடவேண்டும். ஆனால் ஏணிப்படியிலோ ஆணியிலோ கொழுவுமளவிற்கு விடக்கூடாது. இணைப்பியைத் தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் நாடாவால் மூடாவிட்டால், மழைநீர் பின்னல் வழியே உள்ளிறங்கிக் கேபிளைப் பாழாக்கும்.

இது வெறும் பொழுதுபோக்குத்தானே என்று சிலர் எண்ணக்கூடும். 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையிலான இந்திய அமெச்சூர் வானொலிக் குழுவொன்று அந்தமானின் போட் பிளேயரில் இருந்தது. உலக வானொலியாளர்களோடு பேசிக் களிக்கவே அவர்கள் அங்கு சென்றிருந்தனர். 26 ஆம் திகதி ஆழிப்பேரலை தாக்கித் தொலைபேசிகள் செயலிழந்தபோது, அதே கருவிகள் தீவுகளின் செய்திகளை வெளியே கொண்டுவந்தன. உறவினரின் கதி தெரியாது தவிப்பது என்னவென்று எமது மக்களுக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. அத்தகைய நாளில் அரை மீற்றர் கேபிள் அறுந்திருந்தால், எத்துணை விலையுயர்ந்த கருவியும் ஊமையே.

இந்நாட்டின் புயல்களும் இலேசானவையல்ல. 1999 டிசம்பர் 3 ஆம் திகதி றோமோ தீவில் காற்றின் வேகம் வினாடிக்கு 50 மீற்றரைத் தாண்டியது. 2013 ஒக்ரோபர் 28 இல் கெக்னெசில் 53.5 மீற்றர் பதிவாகியது. புயலில் கம்பம் பிடியிலிருந்து வழுகிவிட்டால், காட்டியின் முள் ஒரு திசையையும் அன்ரனா வேறொரு திசையையும் காட்டும். அந்நிலையில் தடுப்பை நம்பிச் சுழற்றினால் கேபிள் அறுந்துபோகலாம்.

ஆகவே இலையுதிர்காலம் தொடங்குமுன் ஒருவர் கீழே நின்று சுருளைப் பார்க்க, மற்றவர் இரு எல்லைகள் வரையும் மெதுவாகச் சுழற்றிப் பார்த்தல் வேண்டும். பின்னர், யாரும் அன்ரனாவின் அருகில் இல்லாதபோது, குறைந்த வலுவில் அலைபரப்பியபடி நிலையலை விகிதமானியைக் கவனித்துக்கொண்டு இன்னொருமுறை சுழற்றுங்கள். ஏதேனும் ஒரு திசையில் மட்டும் முள் துள்ளினால், குறை அன்ரனாவில் அன்று, பெரும்பாலும் சுருளிலேயே இருக்கும். புயல் ஓய்ந்த மறுநாளும் இதையே செய்யுங்கள். கோபுரத்தில் ஏற நேர்ந்தாலோ, முதலில் அலைபரப்பியையும் சுழற்றும் மோட்டரையும் மின்சாரத்திலிருந்து கழற்றிவிட்டே ஏறுங்கள்.