எதை முதலில் விட்டுக்கொடுப்பது?

'பல்' என்ற சொல்லில் உள்ள புள்ளியை எடுத்துவிட்டால் அது 'பல' ஆகிவிடும். பல் மருத்துவர் பல மருத்துவர் ஆகிவிடுவார். கையெழுத்தில் இப்படி நேர்ந்தால் எழுதியவரின் கவனக்குறைவு என்போம். ஆனால் வலைப்பக்கங்களில், சரியாகத் தட்டச்சு செய்யப்பட்ட சொல்லுக்கும் இக்கதி நேர்வதுண்டு. அண்மையில் நான் பார்த்த ஒரு விண்ணப்பப் பக்கத்தில், பொத்தான்களின் மேலிருந்த தமிழ்ச் சொற்களின் புள்ளிகள் எல்லாம் மழித்தெடுத்தாற்போலக் காணாமற் போயிருந்தன. எழுத்துருவில் குறையில்லை, கணிப்பொறியிலும் குறையில்லை. பொத்தானின் உயரத்தை ஆங்கில எழுத்துக்கு அளந்து வைத்துவிட்டார்கள், அவ்வளவுதான். அந்த அளவு எழுதியிருக்கும் இடத்திற்கு நடைத்தாள் என்று பெயர்.

வலைப்பக்கத்தின் செய்தி ஒரு கோப்பிலும், அதன் தோற்றம் வேறொரு கோப்பிலும் இருக்கின்றன. எழுத்தின் பருமன், நிறம், வரிகளுக்கிடையே உள்ள இடைவெளி, ஓரம் ஆகியவற்றைக் கூறுவது இந்த இரண்டாவது கோப்பு. இதற்கான சி.எஸ்.எஸ். என்ற முறையை 1994-இல் ஹோகுன் வியும் லீ முன்மொழிந்தார். பெர்ட் பாஸ் அவருடன் சேர்ந்து உழைத்தார். 1996 டிசம்பரில் அது முறையான பரிந்துரையாக வெளிவந்தது. செய்தி வேறு, தோற்றம் வேறு என்று பிரித்ததில் பெரிய நன்மை உண்டு. ஆனால் தோற்றத்துக்கு மொழி இல்லை என்ற எண்ணமும் அதனுடன் ஒட்டிக்கொண்டது. இந்த எண்ணம் தவறு என்பது என் கருத்து.

எழுத்துகளையே பாருங்கள். ஆங்கில எழுத்துகளில் சில மேலே நீளும், சில கீழே தொங்கும். தமிழில் புள்ளியும் ஈகார விசிறியும் மேலே ஏற, 'கூ', 'மூ', 'ழு' போன்றவை கீழே இறங்குகின்றன. ஆகவே வரிக்கு வரி அதிக இடம் வேண்டும். ஆங்கிலத்தில் தலைப்பை அழுத்திக் காட்டப் பெரிய எழுத்துகளாக மாற்று என்று நடைத்தாளில் எழுதுவார்கள். பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடே இல்லாத நம் மொழியில் அந்தக் கட்டளை ஒன்றும் செய்யாது. தலைப்பு தலைப்பாகத் தெரியாது. சாய்வெழுத்து கேட்டால், சாய்ந்த வடிவம் இல்லாத எழுத்துருவை உலவி தானே ஒருபுறம் தள்ளிச் சாய்த்துக் காட்டும். பார்க்கச் சகிக்காது! அரபு மொழியில் வரி வலமிருந்து இடமாக ஓடுவதால் பக்கத்தின் அமைப்பே திரும்ப வேண்டும். சீனமும் ஜப்பானியமும் இன்னும் வேடிக்கை: 'நேர்' என்று பொருள்படும் எழுத்துக்கு யூனிகோடில் இரு மொழிக்கும் ஒரே எண்தான், ஆனால் இரு நாட்டாரும் அதை வரையும் வடிவம் வேறு. எந்த எழுத்துருவை எடுப்பது என்று நடைத்தாள்தான் சொல்ல வேண்டும்.

அப்படியானால் மொழிக்கு ஒரு நடைத்தாள் வைத்துவிடலாமே என்பீர்கள். வைக்கலாம். அதை எப்படி வைப்பது என்பதில்தான் கருத்து வேற்றுமை எழுகிறது.

ஜாவா மொழியில் வலைத்தளம் கட்டுவோர் ஒவ்வொன்றையும் புதிதாக எழுதுவதில்லை. ஆயத்தமாக உள்ள ஒரு சட்டகத்தின்மேல் கட்டுகிறார்கள். அவற்றுள் ஒன்று விக்கெட். (கிரிக்கெட்டை மறந்துவிட்டு மேலே படியுங்கள்.) 2004-இல் ஜோனதன் லாக் தொடங்கியது, 2007 முதல் அப்பாச்சி அறக்கட்டளையின் தனித் திட்டங்களுள் ஒன்று. இது தன்னிடம் வரும் ஒவ்வொரு பயனருக்கும் இரண்டு செய்திகளை நினைவில் வைத்துக்கொள்ளும். ஒன்று, அவருடைய மொழியும் நாடும். மற்றொன்று, அவருக்குரிய பாணி. இதற்கு 'இரவு' என்றோ 'விழா' என்றோ நிரலாளர் விரும்பிய பெயரை இடலாம். பிறகு நடைத்தாளைத் தேடும்போது கோப்பின் பெயருடன் அடிக்கோடிட்டு இவற்றைச் சேர்த்துப் பார்க்கும். தமிழுக்கு 'டி, ஏ' என்ற ஈரெழுத்துக் குறி. இந்தியா என்றால் அதன்பின் 'ஐ, என்'. இலங்கை என்றால் 'எல், கே'. சிங்கப்பூர் என்றால் 'எஸ், ஜி'. பாணியும் மொழியும் நாடும் பொருந்தும் கோப்பு கிடைத்தால் நன்று. இல்லையேல் நாட்டை விட்டுத் தேடும்; பிறகு மற்றவற்றையும் ஒவ்வொன்றாக விட்டுத் தேடி, கடைசியில் குறியே இல்லாத பொதுக் கோப்பில் வந்து நிற்கும். பையில் சரியான சில்லறை இல்லாதபோது நாம் ஒவ்வொரு அறையாகத் துழாவுவது போன்றதே இது.

அழகான ஏற்பாடுதான். ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. தேடலில் முதலில் அகப்படும் ஒரே ஒரு கோப்புதான் பயனருக்குப் போகும். ஜாவாவில் சொற்களை வைத்திருக்கும் கோப்புகள் இப்படியல்ல. அவற்றில் தமிழ்க் கோப்பில் இல்லாத சொல்லைப் பொதுக் கோப்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். ஒன்றுக்குப் பின்னால் ஒன்று துணை நிற்கும். நடைத்தாளும் அதைப்போல என்று எண்ணி, தமிழ்க் கோப்பில் வரி உயரம் பற்றிய மூன்று வரிகளை மட்டும் எழுதி வைத்தால், பக்கத்தின் மற்ற தோற்றம் முழுவதும் மறைந்துவிடும். நிறமில்லை, ஓரமில்லை. உடனே நிரலாளர் என்ன செய்கிறார்? பொதுக் கோப்பு முழுவதையும் தமிழ்க் கோப்பில் படியெடுத்து, மூன்று வரிகளை மாற்றி வைக்கிறார். பக்கம் சரியாகிவிடுகிறது.

அன்றைக்குச் சரி. ஆறு மாதம் கழித்துப் பொதுக் கோப்பில் ஒரு பிழை திருத்தப்படுகிறது. சிறு திரைக்கேற்ற மாற்றம் சேர்கிறது. தமிழ்ப் படியை யாரும் தொடுவதில்லை. இரண்டு ஆண்டுகளில், ஆங்கிலத்தில் படிப்பவருக்குப் புதிய பக்கம், தமிழில் படிப்பவருக்குப் பழைய பக்கம். யாருக்கும் தமிழின்மேல் வெறுப்பில்லை. படியெடுத்தல் என்ற ஒரே செயலால் வந்த வினை. அப்புறம் "தமிழ்ப் பக்கம் சரியாக வருவதில்லை, ஆங்கிலத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று உங்களிடமே சொல்வார்கள்.

நான் கூறுவது இதுதான்: முழுப் படி வேண்டாம், திருத்தம் மட்டும் போதும். இயற்பியலில் நாம் அப்படித்தானே செய்கிறோம்? தனி ஊசலின் அலைவு நேரத்துக்கு ஒரு வாய்பாடு படித்திருக்கிறீர்கள். அது சிறு வீச்சுக்கே பொருந்தும். 30 பாகை வீச்சில் அலைவு நேரம் ஏறக்குறைய 1.7 சதவீதம் கூடும். அதற்காக நாம் வேறு வாய்பாடு தேடி ஓடுவதில்லை. அதே வாய்பாட்டின் பின்னால் ஒரு சிறு திருத்த உறுப்பைச் சேர்க்கிறோம். விக்கெட்டில் ஒரு பக்கத்தின் தலைப்பகுதியில் எத்தனை நடைத்தாள்களையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்க்கலாம். முதலில் பொதுத்தாள், எல்லாருக்கும். அதன்மேல் பாணித்தாள். அதற்கும் மேல் மொழித்தாள். சம வலிமையுள்ள இரு விதிகள் மோதினால் பின்னால் வந்தது வெல்லும் என்பது சி.எஸ்.எஸ்.-இன் சட்டம், ஆகவே மூன்று வரிகள் கொண்ட தமிழ்த்தாள் தன் வேலையைச் செய்துவிட்டு மற்றவற்றை விட்டுவைக்கும். மொழித்தாள் இல்லாத மொழிக்காரர் வந்தால்? குறியில்லாத ஒரு வெற்றுக் கோப்பை அங்கே வைத்துவிடுங்கள். தேடல் அதில் வந்து முடியும், தீங்கில்லை.

கணக்கும் இதற்குச் சாதகமே. 5 பாணி, 10 மொழி உள்ள தளத்தில் ஒவ்வோர் இணைக்கும் முழுப் படி என்றால் 50 கோப்புகள். அடுக்கினால் 1, 5, 10 என 16 போதும்.

முழுப் படி வைப்பவர்களுக்கும் ஒரு நியாயம் உண்டு. வலமிருந்து இடமாக எழுதும் மொழிக்குப் பக்கமே புரள்வதால், நூறு திருத்தம் எழுதுவதைவிடத் தனித்தாள் எளிது என்பார்கள். ஒரு காலத்தில் அது உண்மை. இப்போது 'இடப்பக்க ஓரம்' என்று எழுதாமல் 'வரி தொடங்கும் பக்கத்து ஓரம்' என்று எழுதவே சி.எஸ்.எஸ்.-இல் வழியிருக்கிறது. அப்படி எழுதினால் ஆங்கிலத்தில் இடப்புறமும் அரபில் வலப்புறமும் ஓரம் தானே அமையும். தேவையே இல்லாமற் போகும் நடைத்தாளைவிடச் சிறந்த நடைத்தாள் எது?

இனி, தலைப்பில் கேட்ட கேள்விக்கு வருவோம். அடுக்க முடியாமல் ஒரே தாள்தான் கொடுக்க முடியும் என்ற நிலையில், 'இரவு' பாணிக்கு ஒரு தாளும் தமிழுக்கு ஒரு தாளும் இருந்து, இரண்டும் சேர்ந்த தாள் இல்லை என்று கொள்வோம். எதைக் கொடுப்பது? தமிழ்த்தாளைத்தான் என்று தயக்கமின்றிக் கூறுவேன். இரவுப் பாணி போனால் கண் சற்றுக் கூசும். தமிழ்த்தாள் போனால் 'பல்' 'பல' ஆகும். தோற்றத்தின் குறையும் பொருளின் குறையும் ஒரே தராசில் வைக்கத்தக்கவை அல்ல. பாணியைப் பிடித்துக்கொண்டு மொழியை விடுவதற்கும் காரணம் சொல்வார்கள்: நிறுவனத்தின் நிறம் மாறக்கூடாதாம்! படிக்க முடியாத எழுத்து எந்த நிறத்தில் இருந்தால் என்ன?

கடைசிப் படியிலும் கவனம் வேண்டும். ஜாவாவின் சொற்கோப்புத் தேடலில் ஒரு பழக்கம் உண்டு. கேட்ட மொழியில் கோப்பே இல்லாவிட்டால், பொதுக் கோப்புக்குப் போகும் முன், நிரல் ஓடும் கணிப்பொறியின் சொந்த மொழியில் தேடிப்பார்க்கும். வழங்கி ஜெர்மன் மொழிக்கென அமைக்கப்பட்டதாகவும், தளத்தில் ஜெர்மன் கோப்பு இருப்பதாகவும் கொள்ளுங்கள். தமிழ் கேட்டவருக்கு ஆங்கிலப் பொதுக் கோப்பு கிடைக்காமல் ஜெர்மன் கிடைக்கும். நிரலை எழுதியவரின் மேசையில் இது தெரியவே தெரியாது, ஏனெனில் அங்கே இயந்திரம் ஆங்கிலத்தில் இருக்கும். 2006-இல் வந்த ஜாவா 6-ஆம் பதிப்பு முதல் இப்பழக்கத்தை நிறுத்த வழி உண்டு, நிறுத்துவதே முறை. படிப்பவர் யார் என்பதை ஒட்டி மொழி அமைய வேண்டுமேயன்றி, இயந்திரம் எந்த ஊரில் இருக்கிறது என்பதை ஒட்டியன்று.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். உலவியின் அமைப்புகளில் மொழிகளின் பட்டியல் ஒன்று இருக்கும். அதில் தமிழை முதலிலும் ஆங்கிலத்தை அடுத்தும் வையுங்கள். இனி ஒவ்வொரு தளத்துக்கும் உங்கள் விருப்பம், 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட ஒரு முன்னுரிமை எண்ணுடன், கோரிக்கையோடு சேர்ந்தே போகும். பத்துத் தளங்களைத் திறந்து, எது தமிழில் வருகிறது, எது ஆங்கிலத்தில் வருகிறது, எதில் புள்ளி வெட்டுப்படுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். தமிழும் வராமல் ஆங்கிலமும் வராமல் ஏதாவது ஒரு தளம் ஜெர்மனில் பேசினால், அதன் வழங்கி எம்மொழிக்காரரின் கையில் இருக்கிறது என்பதையும் நீங்கள் ஊகித்துக்கொள்ளலாம்.