"நீங்க சொன்னா கேப்பான் சார்"

நேற்று மணப்பாறையில் ஒரு சம்பந்தப் பேச்சு. மாப்பிள்ளை என் பழைய மாணவன், அரசு அலுவலகத்தில் எழுத்தர். சனி, ஞாயிறுகளில் திருச்சிக்குப் போய் நண்பர்களோடு ஜாஸ் ட்ரம்ஸ் வாசிப்பான். பெண் வீட்டார் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: கல்யாணத்துக்கு அப்புறம் இந்தக் "கொட்டடிக்கிற வேலை" கூடாது. அவன் அப்பாவும் தலையாட்டினார். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "நீங்க சொன்னா கேப்பான் சார்."

சொல்ல மாட்டேன் என்று சொல்லிவிட்டு, காபியைக்கூடத் தொடாமல் எழுந்து வந்துவிட்டேன். முறையில்லைதான். காரணத்தை இங்கே எழுதுகிறேன், அவர்களில் நாலு பேராவது படிப்பார்கள்.

நேரம் வீண் என்றார் ஒருவர். ஞாயிறு முழுக்கச் சீட்டாடுகிற மாப்பிள்ளைக்கு யாராவது இப்படி நிபந்தனை போட்டதுண்டா? சத்தம் என்றார்கள். சரி, அது உண்மை, கதவைச் சாத்திக்கொள்ளலாம். இன்னொருவர், "மிருதங்கம்னாலும் பரவாயில்ல" என்றார். அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. அப்படியானால் பிரச்சினை நேரமும் இல்லை, சத்தமும் இல்லை. கொட்டு அடிப்பவன் யார் என்று ஊர் மனசுக்குள் வைத்திருக்கிற கணக்கு. பறையடிக்கிறவரை வாசலோடு நிறுத்திய அதே கணக்கு. இத்தனைக்கும் இன்றைய ட்ரம்ஸில் பெரும்பாலும் தோலே கிடையாது, பிளாஸ்டிக்!

மிருதங்க மேதைகளே அப்படிப் பிரித்துப் பார்க்கவில்லை ஐயா. 1958-ல் அமெரிக்க ஜாஸ் பியானோக்காரர் டேவ் புரூபெக்கின் குழு சென்னைக்கு வந்தபோது, அவர்களோடு சேர்ந்து வாசித்தவர் பழனி சுப்பிரமணிய பிள்ளை. நம் பக்கத்துப் புதுக்கோட்டை வழி. எதிரே ட்ரம்ஸில் ஜோ மோரெல்லோ. அடுத்த வருஷம் அந்தக் குழு வெளியிட்ட 'டேக் ஃபைவ்' ஐந்து எண்ணிக்கையில் ஓடும். இதிலிருந்து அது வந்தது என்று சொல்லவில்லை. ஆனால் கண்ட சாப்பு பழகிய காதுக்கு அது அந்நியமாகவே படாது. பிள்ளையின் சீடர், லால்குடி பக்கத்துப் பூவாளூர்க்காரர் திருச்சி சங்கரன், 1971-ல் கனடாவின் யார்க் பல்கலைக்கழகத்துக்கே தாளம் சொல்லிக்கொடுக்கப் போனார்.

வேலை கிடைத்தவனுக்கு இது எதற்கு என்கிறீர்களா? பொன்மலையைப் பாருங்கள். 1928-ல் நாகப்பட்டினத்திலிருந்து ரயில்வே பணிமனை அங்கே வந்தது. ஆங்கிலோ இந்தியர்கள் வாரம் முழுக்க இரும்போடும் எஞ்சினோடும் மல்லுக்கட்டினார்கள். விடுமுறை வந்தால் நடனம், பேண்டு, ட்ரம்ஸ். அதனால் ஒரு ரயிலும் நின்றுபோகவில்லை.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். வையம்பட்டியில் ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு சிற்றலையில் வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா தேடுவேன். வில்லிஸ் கோனோவர் நிறுத்தி நிறுத்திப் பேசுவார், என் அரைகுறை இங்கிலீசுக்கும் புரியும். 1955-ல் ஆரம்பித்து 1996-ல் சாகும்வரை அந்த மனிதர் ஜாஸ் போட்டுக்கொண்டே இருந்தார். முப்பத்து நாலு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தேன். பரீட்சை அறையில் மேசையைத் தட்டி, பிள்ளைகள் நிமிர்ந்து பார்த்ததும் நிறுத்தியிருக்கிறேன். ட்ரம்ஸ் முன்னால் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. வாத்தியாருக்கு அது அழகில்லை என்றார் அப்பா, நானும் சரி என்றேன். இப்போது ஆசைப்பட்டாலும் மணிக்கட்டு ஒத்துழைக்காது.

இந்த வாயால் அவனிடம் விட்டுவிடு என்று சொல்லச் சொல்கிறீர்கள்.

வருகிற ஞாயிறு மறுபடி பேச வரச் சொல்லியிருக்கிறார்கள். போவேன். இதுவரை அந்தப் பெண்ணை யாருமே ஒரு வார்த்தை கேட்கவில்லை. முதலில் அவளைக் கேட்கப்போகிறேன்.