கடிதம் கேட்டு வந்தவர்

நேமிநாதரின் நெடிய கற்சிலை நிற்கும் திருமலைக் குன்றின் அடிவாரத்திலிருந்து, 2021ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில், பட்டு நெசவாளர் ஒருவர் மிதிவண்டியில் நம் பங்கு இல்லத்துக்கு வந்தார். அவர் மகள் ஒரு மருத்துவமனையில் ஒப்பந்தச் செவிலி. "தடுப்பூசி போட்டுக்கொள்ளாதவர்கள் திங்கட்கிழமை முதல் பணிக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், சாமி. நம் வேதம் அந்த ஊசிக்கு இடங்கொடுக்காது என்று தாங்கள் ஒரு கடிதம் எழுதி, முத்திரை வைத்துத் தரவேண்டும்" என்றார்.

நாம் எழுதித் தரவில்லை. அது தகுமா என்று அன்பர் சிலர் இன்றும் கேட்பதால், காலம் கடந்தாயினும் இதைப் பற்றி எழுதுகிறோம்.

மறுத்த காரணம் எளியது. அப்படி எழுதினால் அது பொய். வேறு தடுப்பூசி கிடைக்காதபோது, பல்லாண்டுகளுக்கு முன் கருக்கலைப்பில் கிடைத்த உயிரணுக்களின் வழிவந்தவற்றைப் பயன்படுத்தி உருவாக்கிய தடுப்பூசியையும் நல்ல மனச்சான்றுடன் ஏற்கலாம் என்று உரோமையின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 2020 டிசம்பர் 21 அன்றே அறிவித்திருந்தது. திருத்தந்தை பிரான்சிஸ் 2021 சனவரியில் தாமே போட்டுக்கொண்டார். அவ்வாண்டு ஆகஸ்டில் அதனை அன்புச் செயல் என்றும் சொன்னார்.

ஆயினும் அதே பேராயக் குறிப்பு, தடுப்பூசி பொதுவாக ஒருவர் மேல் சுமத்தக்க ஒழுக்கக் கடமையன்று, விருப்பத்தின்படியே அமையவேண்டும் என்றும் கூறியது. மனச்சான்றின் பேரில் மறுப்பவர், தம்மால் பிறருக்கு, சிறப்பாக நலிந்தோருக்கு, நோய் பரவாதபடி வேறு வழிகளில் காத்துக்கொள்ளவேண்டும் என்பது அதன் மறுபாதி. இது இப்படியிருக்க, 2021 பிப்ரவரியில் வத்திக்கான் நகர நிர்வாகம், தக்க உடல்நலக் காரணமின்றி மறுக்கும் ஊழியரைப் பணிநீக்கம் வரை கொண்டுசெல்லக்கூடிய ஆணை பிறப்பித்தது! எதிர்ப்பு எழுந்தபின், இது தண்டனையன்று என்று விளக்கமும் தரவேண்டியதாயிற்று. வழக்கின் இரு தரப்பும் தாய்த் திருச்சபையின் வீட்டிலேயே இருந்தன.

உண்மையில் அந்த மகளைத் தடுத்தது வேதமன்று, அச்சம். நடிகர் விவேக் ஏப்ரல் 15 அன்று சென்னையில் ஊசி போட்டுக்கொண்டு, மறுநாள் மாரடைப்புக்கு ஆளாகி, 17ஆம் நாள் காலமானார். அவர் மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று அரசின் நிபுணர் குழு கூற அக்டோபர் ஆயிற்று. அதற்குள் ஊர் தன் தீர்ப்பை எழுதிவிட்டது. மணமாகி ஓராண்டும் நிறையாத பெண்ணிடம், ஊசி போட்டால் பிள்ளை பிறக்காது என்று அண்டை வீட்டார் சொல்லியிருந்தனர். மருத்துவமனையில் அவளை உட்காரவைத்து விளக்குவார் ஒருவருமில்லை. சுவரில் ஒரு சீட்டு மட்டும் ஒட்டினார்கள்.

கட்டாயம் நம் நாட்டுக்குப் புதிதன்று. அம்மை நோய்க்கு எதிராக ஆங்கிலேயர் 1880இலேயே சட்டம் செய்தனர். அதற்கும் முன்பே, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மறைபரப்பாளர் துபுவா அடிகளார் மைசூர் நாட்டில் மக்களுக்கு எடுத்துச்சொல்லி அம்மை குத்துதலைப் பரப்பினார். பெரியம்மை 1975இல் நம் நாட்டை விட்டு நீங்கியது. அந்த ஊசி பரவலையே அறுத்தது. கொரோனா ஊசியோ பல உயிர்களைக் காத்தது. பரவலை முற்றும் தடுக்கவில்லை. இந்த வேறுபாட்டை அன்று நாமும் சரியாக உணர்ந்திருக்கவில்லை.

தமிழக அரசு 1939ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்தைக் கையிலெடுத்தது. 2021 டிசம்பரில் மதுரை மாவட்டத்தில் ஊசி போடாதோர்க்குப் பொது இடங்களில் இடமில்லை என்றார்கள். (ஞாயிறுதோறும் நடந்த பெருமுகாம்களை இடையில் சனிக்கு மாற்றினார்கள். ஞாயிறன்று இறைச்சி உண்போரும் மது அருந்துவோரும் ஊசிக்கு வரத் தயங்குகிறார்களாம்! பூசைக்கு வரவும் அதே தயக்கம்தானோ என்று நாம் எண்ணிக்கொண்டோம்.) குழந்தை மருத்துவர் ஜேக்கப் புலியேல் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2022 மே 2 அன்று தீர்ப்பளித்தது. ஒருவரை வற்புறுத்தி ஊசி போடலாகாது. பொதுநலன் கருதி அரசு அளவான கட்டுப்பாடு விதிக்கலாம். ஆனால் ஊசி போட்டவரைவிடப் போடாதவரால் நோய் மிகுதியாகப் பரவுமென்பதற்கு அரசுகள் சான்று காட்டவில்லை என்றது.

நம் கருத்தைக் கேட்டால், நியாயவிலைக் கடைக்கு வருபவனையும் நோயாளியின் வாயருகே குனிந்து நிற்கும் செவிலியையும் ஒரே தராசில் நிறுத்தலாகாது. நோயாளி தன் செவிலியைத் தேர்ந்தெடுப்பதில்லை. ஆகவே அந்தப் பணிக்கு ஊசி கேட்டதை நாம் குறைகூறோம். மறுப்பவரைச் சில மாதங்கள் பதிவேட்டுப் பணிக்கோ மருந்துக் கிடங்குக்கோ மாற்றலாமே! சோற்றில் கைவைப்பது கடைசி வழியாக இருக்கவேண்டியது; அங்கே அதுவே முதல் வழியாயிற்று.

அந்த மகள் செப்டம்பர் மாத முகாமில் தானாகவே சென்று ஊசி போட்டுக்கொண்டாள். அதற்குள் அவள் இடத்துக்கு வேறொருவர் வந்துவிட்டார். இப்போது தந்தையின் குழித்தறியில், கோர்வைச் சேலைக்குப் பக்கத்தில் அமர்ந்து கரை நாடா எடுத்துக் கொடுக்கிறாள். சென்ற ஆண்டு ஒரு பெண் குழந்தையும் பிறந்திருக்கிறது.

திருமுழுக்குக்குக் குழந்தையைக் கொண்டுவந்த அன்று அந்தப் பெரியவர் நம்மிடம் தனியே சொன்னார்: "கடிதம் தராததில் எனக்கு வருத்தமில்லை, சாமி. பொய் எழுதக் கேட்டது என் தப்பு. ஆனால் அன்றைக்கே தாங்கள் ஒருநடை வீட்டுக்கு வந்து அவளிடம் பேசியிருக்கலாமே."

திருமலைக்கும் நம் பங்கு இல்லத்துக்கும் மிதிவண்டியில் ஒரு மணி நேரந்தான். நம்மிடம் மோட்டார் சைக்கிள் இருந்தது.