கண்ணீருக்கும் தீட்டா?

பாலைத் திணைக்கு உரிப்பொருள் பிரிவு என்று வகுப்பிலே கற்பிக்கிறோம். தலைவியின் கண்ணீருக்குப் பக்கம் பக்கமாக நயம் எழுதுவிக்கிறோம். ஆனால், ஆணை விரும்பிய ஆணொருவனோ பெண்ணை விரும்பிய பெண்ணொருத்தியோ பிரிவால் வாடும்போது நாம் கூறுவது யாது? "இயற்கைக்கு மாறான உறவு, வேறெப்படி முடியும்?" என்பதே.

காதலியால் கைவிடப்பட்ட இளைஞனிடம், பெண்ணை விரும்பியதே நோய் என்று எவரேனும் சொல்வதுண்டா? அவன் இழந்தது காதலை மட்டுமே. மற்றவனோ, காதலை இழந்த அன்றே தன் பிறப்பையும் பழித்துக்கொள்கிறான். துயரம் இருவர்க்கும் ஒன்றே. அதன்மேல் ஏறிய வெட்கம் நாம் ஊட்டிய நம்பிக்கையின் விளைவு.

அந்நம்பிக்கைக்கு ஆதாரந்தான் யாது? 1990இலேயே உலக சுகாதார நிறுவனம் ஒருபாற் காதலை நோய்ப் பட்டியலினின்றும் நீக்கிவிட்டது. இலங்கையில் ஆண்களுக்கிடையிலான உடலுறவைக் குற்றமாக்கியது, பிரித்தானியர் 1883இல் இயற்றிய தண்டனைச் சட்டக்கோவை. 1995இல் நமது பாராளுமன்றம் அதனை நீக்கவில்லை. பெண்களையும் அதற்குள் அடக்கித் திருத்திற்று! அக்குற்றத்தை நீக்கும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணன்று என உயர் நீதிமன்றம் தீர்மானித்தது 2023இலேதான்.

காதல் முறிதல் மனித வாழ்வில் எவர்க்கும் நேர்வது. அம்முறிவு, காதலித்தவரின் இயல்புக்கு எதிரான சாட்சியமாகாது. அழுவதற்கும் மறைவிடம் தேடுமாறு சிலரை விரட்டிவிட்டு, அகத்திணையின் பெருமையை மேடைதோறும் முழங்க நமக்கு என்ன அருகதை உண்டு?