படகே வீடு... ரீல்ஸ் காட்டாத கணக்கு!

தூக்கம் வராத ஓர் இரவில் ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். கால்வாயில் நீளமான ஒரு படகு. உள்ளே கணப்பு அடுப்பு, புத்தக அலமாரி, ஜன்னலோரம் சுருண்டு தூங்கும் பூனை. 'வாடகை இல்லை, ஹவுஸ் ஓனர் இல்லை' என்று கேப்ஷன் வேறு!

கேரளாவில் நாம் ஒருநாள் தங்கிவிட்டு வரும் படகு வீடு இல்லை இது. இங்கிலாந்தின் 'நேரோபோட்'. லண்டன் வாடகைக்குக் கட்டுப்படியாகாதவர்கள், இந்த வாழ்க்கையை விரும்பியே வந்தவர்கள் என்று பலர் வருடம் முழுக்க இதிலேயே குடியிருக்கிறார்கள். 'நாமும் போனால் என்ன?' என்று தேட ஆரம்பித்தேன். இரண்டே நாளில் ஆசையோடு கொஞ்சம் பயமும் சேர்ந்துகொண்டது.

டவுன் பஸ்ஸைவிட ஒல்லி!

மேடு பள்ளத்தில் படகு ஏறி இறங்க, கதவு வைத்த தண்ணீர்த் தொட்டிகள் போன்ற 'லாக்'குகள் கால்வாய்களில் உண்டு. பல லாக்குகளின் அகலம் சுமார் 7 அடிதான். அதனால் படகின் அகலம் 6 அடி 10 அங்குலம். நம் டவுன் பஸ்ஸே இதைவிட அகலம். கட்டில், சமையலறை, பாத்ரூம் எல்லாம் இதற்குள்தான். அதனால் முதல் தயாரிப்பு, பாதிப் பொருள்களையாவது வெளியே அனுப்புவது.

பெயின்ட்டைப் பார்த்து ஏமாறாதீர்கள்

பழைய படகு வாங்குபவர்கள் அதைத் தண்ணீரிலிருந்து மேலே தூக்கி, சர்வேயரை வைத்து அடித்தகட்டின் கனத்தை அளக்கச் சொல்கிறார்கள். துரு தின்று இரும்பு மெலிந்திருந்தால் இன்ஷூரன்ஸ் கிடைப்பதே சிக்கல். இன்ஷூரன்ஸும், 4 வருடங்களுக்கு ஒருமுறை எடுக்க வேண்டிய பாதுகாப்புச் சான்றிதழும் இல்லாமல் லைசென்ஸ் கிடையாது. துருப்பிடிக்காமல் இருக்க, சில வருடங்களுக்கு ஒருமுறை படகை மேலே ஏற்றிக் கறுப்புப் பூச்சு அடிக்கும் செலவும் உண்டு.

எல்லாமே எண்ணித்தான்

தண்ணீர் டேங்க்கில் இருப்பது சில நூறு லிட்டர். தீர்ந்தால், கரையோரக் குழாய் இருக்கும் இடத்துக்குப் படகை ஓட்டிப்போய் நிரப்ப வேண்டும். மின்சாரம் பேட்டரியிலிருந்து. கோடையில் சோலார் கைகொடுக்கும். டிசம்பரில் சூரியனே சில மணி நேரம்தான். இன்ஜினை ஓட்டி சார்ஜ் ஏற்றலாம் என்றால், கரையில் கட்டியிருக்கும்போது இரவு 8 முதல் காலை 8 வரை ஓட்டக் கூடாது. பக்கத்துப் படகுக்காரர் தூங்க வேண்டுமே! ஹேர் டிரையர், அயர்ன் பாக்ஸ் எல்லாம் யோசித்துத்தான்.

அடுத்தது, ரீல்ஸில் யாருமே காட்டாத விஷயம். பல படகுகளில் கழிவறைக்கு அடியில் சூட்கேஸ் மாதிரி ஒரு டப்பா இருக்கும். சில நாள்களில் நிறைந்துவிடும். அதைக் கையில் தூக்கிக்கொண்டு போய், அதற்கான இடத்தில் கொட்டிக் கழுவ வேண்டும். மழையோ பனியோ, நாமேதான்.

மணமில்லாத எமன்

குளிருக்கு ஜன்னலை இறுக மூடி, உள்ளே விறகோ கரியோ எரித்தால் கார்பன் மோனாக்ஸைடு சேரும் ஆபத்து இருக்கிறது. நிறமில்லை, மணமில்லை. தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். ஆட்கள் தங்கும் படகுகளில் இதற்கான அலாரம் 2019 முதல் கட்டாயம். மற்றதில் சிக்கனம் பிடியுங்கள், இதில் வேண்டாம்.

14 நாள்... கிளம்பு!

என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான். நிரந்தரமாகக் கட்டிவைக்க இடம் இல்லாத படகுகள், 1995-ம் ஆண்டுச் சட்டப்படி ஓரிடத்தில் தொடர்ந்து 14 நாள்களுக்கு மேல் நிற்க முடியாது. உடம்பு சரியில்லை, இன்ஜின் பழுது என்றால் தகவல் சொல்லிக் கூடுதல் நாள் கேட்கலாம். அங்கேயும் இங்கேயுமாக ஒரே வட்டாரத்தில் சுற்றினாலும் லைசென்ஸுக்குச் சிக்கல். வருடம் முழுக்க 20 மைல் எல்லைக்குள்ளேயே இருந்தால் போதாது என்கிறது, கால்வாய்களைப் பராமரிக்கும் அறக்கட்டளை.

தனி ஆளுக்கு இது ஜாலி. பள்ளிக்குப் போகும் குழந்தை இருந்தால்? இந்த வாரம் பள்ளிக்கு 10 நிமிட நடை. அடுத்த மாதம் ஒரு மணி நேரப் பயணம். நிரந்தர இடம் எடுக்கலாம். ஆனால், குடியிருக்க அனுமதி உள்ள இடங்கள் லண்டனில் குறைவு, விலையும் அதிகம். பேங்க் கடிதம் வரவும், டிரைவிங் லைசென்ஸ் எடுக்கவும்கூட அம்மா வீட்டு முகவரியோ, நண்பரின் முகவரியோ தேவைப்படுகிறது. வாடகை மிச்சம் என்று கிளம்புபவர்கள் முதலில் போட வேண்டிய கணக்கு இது.

அப்படியானால் ஆசைப்படவே கூடாதா? தாராளமாகப் படலாம். ஆனால், வாங்குவதற்கு முன் ஒரு வாரம் வாடகைக்கு எடுத்துத் தங்கிப் பாருங்கள். அதுவும் ஜூலையில் வேண்டாம், குளிர்காலத்தில். ஈரத்துணி காயாத, டார்ச் அடித்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கிற அந்த வாரத்துக்குப் பிறகும் பிடித்திருந்தால், அது உங்களுக்கான வீடுதான்.

இதையெல்லாம் படித்த மறுநாள் காலை, குளிக்கும்போது முதன்முறையாக பக்கெட்டுகளை எண்ணினேன். நான்கு. படகில் இருந்தால் ஒன்றில் முடித்திருப்பேன்.

நீங்கள் எத்தனை பக்கெட்? கமென்ட்டில் சொல்லுங்கள்!