சிங்கப்பூரிலிருந்து ஒரு போன்

புயல், வெள்ளம் என்றால் ஆபீஸில் சர்க்குலர் வரும். 'ஒரு நாள் சம்பளத்தைப் பிடித்துக்கொள்ளச் சம்மதம்' என்று கையெழுத்துப் போடுவோம். அப்புறம் அந்தப் பணம் என்ன ஆச்சு என்று யாராவது கேட்டதுண்டா? ம்ஹூம். கேட்டால் கஞ்சன் என்று பேர் வந்துவிடும். உலக அளவிலும் இதே கதைதான். டாலரில் நடக்கிறது, அவ்வளவே.

2004 டிசம்பர் 26, சுனாமி. புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் மட்டும் சுமார் 600 பேர் போனார்கள், பெரும்பாலும் காரைக்காலில். உலகமே பர்ஸைத் திறந்தது. சர்வதேச அளவில் திரண்டது சுமார் 1,350 கோடி டாலர். பாதிக்கப்பட்டவர் தலைக்கு 7,100 டாலர் என்று பிற்பாடு கணக்குப் பார்த்தார்கள். அதே வருஷம் பங்களாதேஷில் பெருவெள்ளம். அங்கே தலைக்கு எவ்வளவு தெரியுமோ? 3 டாலர்! வெள்ளத்தில் போனாலும் உயிர் உயிர்தானே சார்? ஆனால் கிறிஸ்துமஸுக்கு மறுநாள், வெள்ளைக்கார டூரிஸ்ட்டுகள் இருந்த பீச்சில், வீடியோவில் பதிவான அலைக்குத்தான் மவுசு.

பணம் குவிந்தால் செலவழித்தாக வேண்டும். மார்ச் மாசத்துக்குள் பட்ஜெட்டைத் தீர்க்கும் அவஸ்தை நமக்குத் தெரியாததா? ஃபைபர் படகு கொடுத்தால் போட்டோ நன்றாக விழும், பக்கவாட்டில் நிறுவனத்தின் பெயரும் எழுதலாம். எனவே தமிழகக் கரையில் ஆளாளுக்குப் படகு கொடுத்தார்கள். பல இடங்களில் சுனாமிக்கு முன்பு இருந்ததைவிட ஃபைபர் படகு அதிகமாகிவிட்டது. கடலில் மீன் மட்டும் அதே மீன். வேர்த்துக் கொட்டும் இலங்கைக்குக் குளிர்கால ஜாக்கெட்டுகள் போய்ச் சேர்ந்தன.

1971-ல் பாரிஸில் பிறந்த 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்பு மட்டும், சுனாமிக்கு இரண்டு வாரம்கூட ஆகாத நிலையில், 'இதற்கு வேண்டியது வந்தாச்சு, இனி வேறு இடத்துக்குக் கொடுங்கள்' என்றது. கல்யாண வீட்டில் 'மொய் போதும்' என்று மைக்கில் சொன்ன மாதிரி. மற்ற சில அமைப்புகளுக்குக் கோபம் வராமல் இருக்குமா?

வியாபாரம் இப்படி என்றால் அரசியல் வேறு தினுசு. அறுபதுகளில் அமெரிக்காவின் பி.எல். 480 கோதுமை சாப்பிட்டோம். சாப்பிட்டுக்கொண்டே வியட்நாம் போரையும் குறை சொன்னோம். ஜனாதிபதி ஜான்சன் கப்பல்களை மாசாமாசம் அளந்து அளந்து விட்டார். அந்த ரோஷமோ என்னவோ, 2004-ல் மன்மோகன் சிங் அரசு வெளிநாட்டு அரசுகளின் உதவி வேண்டாம் என்றது. இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் நாமே கப்பல் அனுப்பினோம். சபாஷ்! பிறகு 2005-ல் தமிழகத்துக்கும் புதுச்சேரிக்கும் சேர்த்து உலக வங்கியில் கடன் வாங்கினோம். இனாம் வாங்கினால் மானம் போய்விடும், கடன் வாங்கினால் போகாது. நம் வீட்டு அப்பாக்களின் பொருளாதாரக் கொள்கை!

இத்தனை கோடிகளுக்கும் நடுவே ஒரு சின்னக் கணக்கு. புதுச்சேரிக்குத் தெற்கே நல்லவாடு என்றொரு மீனவ கிராமம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே கம்ப்யூட்டரும் ஒலிபெருக்கியுமாக ஒரு தகவல் மையம் வைத்திருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, சிங்கப்பூரில் வேலை பார்த்த ஊர்க்காரர் செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் போட்டார். 'உடனே ஊரைக் காலி பண்ணுங்க!' மையத்தைத் திறந்து மைக்கில் அலறினார்கள். 3,500-க்கும் மேற்பட்டவர்கள் ஓடினார்கள். வீடு போச்சு, படகு போச்சு. ஒரு உயிர்கூடப் போகவில்லை.

செலவு? ஒரு ஐ.எஸ்.டி. கால், ஒரு ஆம்ப்ளிஃபயர்.

இந்தியாவின் சுனாமி எச்சரிக்கை மையம் ஐதராபாத்தில் செயல்பட ஆரம்பித்தது 2007-ல்தான். சாவுக்கு முன்னால் செலவழிக்க யாருக்கும் கை வருவதில்லை. சாகாதவனை யார் சார் போட்டோ எடுக்கிறார்கள்?

அடுத்த சர்க்குலர் வரும்போது தாராளமாகக் கையெழுத்துப் போடுங்கள். கூடவே கீழே ஒரு வரி: 'மைக் செட் வேலை செய்கிறதா?'