பிளவின் இருபுறமும் நம் கிணறுகள்

டெக்சாஸ் மாநிலத்தின் டெனிசன் நகரில் ரயில்வே நிறுவனம் ஒன்று பெரிய கிணறு வெட்டி நீர் இறைத்ததில், அருகிலிருந்த வீட்டுக் கிணறு வற்றிப்போனது. வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1904-இல் வந்த தீர்ப்பு நிறுவனத்தின் பக்கம் நின்றது: தன் நிலத்தடி நீரை உரிமையாளர் வேண்டிய அளவு எடுக்கலாம். பூமிக்கடியில் நீர் எப்படி நகர்கிறது என்பது எவருக்கும் விளங்காத மறைபொருள், அதற்கு விதி வகுக்க இயலாது என்பது சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று.

அந்தக் காரணம் இன்று செல்லாது. அதே மாநிலத்தில் சான் அன்டோனியோ நகருக்குத் தண்ணீர் தரும் எட்வர்ட்ஸ் நிலத்தடி நீர்த்தாங்கியைப் பாருங்கள். ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே நிலம் பிளந்து, கடலை நோக்கிய பக்கம் படிப்படியாகக் கீழிறங்கியது. பால்கோன்ஸ் பிளவு மண்டலம் என்று பெயர். ஏறக்குறைய ஒன்றுக்கொன்று இணையாக ஓடும் பல பிளவுகள் கொண்ட நீண்ட பட்டை அது. மேட்டு நிலத்திலிருந்து வரும் ஃப்ரியோ, சபினல் போன்ற ஆறுகள் இந்தப் பட்டையைக் கடக்கையில், கோடை ஓட்டத்தின் பெரும்பகுதியைச் சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளுக்குள் இழந்துவிடுகின்றன. இறங்கும் நீர் பாறையைக் கரைத்து வெடிப்பை அகலமாக்க, அடுத்த மழையில் இன்னும் அதிகம் இறங்குகிறது.

ஆனால் பிளவு எல்லா இடத்திலும் நீருக்கு வழிவிடுவதில்லை. சறுக்கல் பெரிதாக இருந்த இடங்களில், நீரூறும் சுண்ணாம்புப் பாறை, நீர் புகாத களிமண் பாறைக்கு எதிரே வந்து நிற்கிறது. அங்கே ஓட்டம் தடைபட்டு, பிளவை ஒட்டியே கிழக்காகவும் வடகிழக்காகவும் திரும்புகிறது. கடைசியில் கோமல், சான் மார்கோஸ் ஊற்றுகளில் பிளவு வழியாகவே மேலேறி வெளிவருகிறது. மேற்கே யுவால்டி வட்டாரத்தில் பெய்த மழை நூற்றைம்பது கிலோமீட்டருக்கும் அப்பால் ஊற்றாக எழலாம். நடுவில் எத்தனை பேருடைய நிலம்! அந்த நீர் யாருடையது என்று பட்டாவைப் பார்த்துச் சொல்லிவிட முடியுமா?

1950-களின் கடும் வறட்சியில், 1956-இல் கோமல் ஊற்று ஐந்து மாதத்துக்குச் சற்றுக் குறைவாக அடியோடு நின்றுபோனது. அப்போதும் கட்டுப்பாடு வரவில்லை. ஊற்றுகளை நம்பி வாழும் அரிய உயிரினங்களுக்காக 1991-இல் தொடுத்த வழக்கும் 1993-இல் வந்த தீர்ப்பும் நெருக்கிய பிறகே, சட்டமன்றம் எட்வர்ட்ஸ் நீர்த்தாங்கி ஆணையத்தை உருவாக்கியது. இன்று அனுமதி பெற்ற மொத்த இறைப்புக்கு ஆண்டுக்கு 5,72,000 ஏக்கர் அடி என வரம்பு இருக்கிறது. நம் கணக்கில் சுமார் 25 டிஎம்சி. அளவுகோலாக வைத்த குறியீட்டுக் கிணற்றில் நீர்மட்டம் இறங்க இறங்க, அனுமதித்த அளவில் 20 சதவீதம் தொடங்கி 44 சதவீதம் வரை வெட்டு விழும்.

வெட்டை விட எனக்குப் பெரிதாகப் படுவது சான் அன்டோனியோ மக்கள் 2000-இல் எடுத்த முடிவு. நூறு டாலர் விற்பனைக்குப் பன்னிரண்டரை சென்ட் கூடுதல் வரி கட்ட அவர்களே வாக்களித்தார்கள். பின்னர் மூன்று முறை புதுப்பித்தார்கள். அந்தப் பணத்தின் பெரும்பகுதி, நீர் இறங்கும் நிலத்தைக் காக்கப் போனது. நிலத்துக்காரர் கால்நடை வளர்க்கலாம், பயிர் செய்யலாம். மனைபோட்டுக் கட்டடம் எழுப்பமாட்டேன் என்று ஒப்பந்தம் எழுதித் தருவார், அதற்கு ஈடு பெறுவார். குடிக்கிறவர் காக்கிறவருக்குக் கொடுத்த நேர்மையான விலை இது.

நம் நிலம் வேறு. தமிழ்நாட்டின் நான்கில் மூன்று பங்குக்கு அருகில் கடினப் பாறை. சுண்ணாம்புக் குகைகள் இல்லை. மேலே சிதைந்த பாறை, கீழே சார்னகைட், நைஸ் பாறைகளில் ஓடும் வெடிப்புகள், இவைதாம் நம் நீர்த்தாங்கி. ஆயிரம் அடி போர் போட்டும் புகை மட்டும் வர, பக்கத்து வயலில் ஊற்று கிடைப்பது இதனால்தான். வெடிப்புக்குக் குறுக்கே களிமண் அடைத்த பிளவோ, தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் காணப்படும் கறுப்புப் பாறைச் சுவரோ நின்றால், ஒரு பக்கக் கிணறு நிறையும், மறுபக்கம் காயும். நீர் புகும் வெடிப்பு நஞ்சுக்கும் வழிவிடும். நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு தேங்கிய ஒரத்துப்பாளையம் அணையைச் சுற்றிக் கிணறுகள் கெட்டதை நாம் பார்த்துவிட்டோம்.

சட்டமோ இன்னும் பழைய இடத்திலேயே நிற்கிறது. 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம், டெனிசன் தீர்ப்புக்கு அடிப்படையான அதே ஆங்கிலேயக் கோட்பாட்டைத்தான் பின்பற்றுகிறது. 2003-இல் தமிழ்நாடு கொண்டுவந்த நிலத்தடி நீர்ச் சட்டம் 2013-இல் ரத்தானது. புதிய சட்டம் வேண்டும். அதில் முதல் வெட்டு கடன் வாங்கி ஒற்றைப் போர் போட்ட சிறு விவசாயி மேல் விழக்கூடாது. லாரி லாரியாக எடுத்து விற்பவரும் பெரிய ஆலைகளும்தான் முதலில் கணக்குக் காட்ட வேண்டும். நகரம் தன் பங்காக, ஏரியையும் ஓடையையும் காக்கும் ஊர்களுக்கு ஈடு தரட்டும். விவசாயியும் நீர்மட்டத்தை அளந்து ஊருக்குச் சொல்ல முன்வரட்டும். தடுப்பணையைப் புறம்போக்கு கிடைத்த இடத்தில் கட்டாமல், பாறை நீரை உள்ளே வாங்கும் இடத்தில் பொறியாளர் கட்டட்டும்.

சட்டத்துக்காகக் காத்திருக்கவும் தேவையில்லை. மத்திய நிலத்தடி நீர் வாரியம் 2012 முதல் நாடு முழுக்க நீர்த்தாங்கிகளை வரைபடமாக்கி வருகிறது. மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளன்று நம் ஊர்களில் கிராம சபை கூடுகிறது. அன்று தம் பகுதிக்கான வரைபடத்தை ஊராட்சித் தலைவர்கள் கேட்டு வாங்கிச் சுவரில் மாட்டட்டும்; ஒரே வெடிப்பின் மேல் கிணறு வைத்திருக்கும் பக்கத்து ஊராட்சிக்காரர்களையும் அழைத்து உட்காரவைத்து, எந்த ஓடையை இந்தக் கோடைக்குள் தூர்வாருவது, எங்கே புதுப் போர் போடாமல் விடுவது என்று சேர்ந்து தீர்மானம் எழுதட்டும்.